கார்ட்டூன் படமும் ஒரு வாளித் தண்ணீரும்

(பாலர் பருவக் குழந்தைகளுக்கு அறிவியல் அறிமுகம்)



ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். படிப்பு டிப்ளமா. தற்போது சின்னக்கானலில் மகள் குடும்பத்துடன் இருக்கிறேன். குழந்தைக் கல்வியில் பட்டம் பெற்றவன் அல்லன். ஆனால் மாலை நான்கு மணிக்கு மேல் என் பேத்தியும் பக்கத்து லயத்துப் பிள்ளைகளும் எங்கள் வீட்டு வாசலில் கூடுவார்கள். எல்லோரும் மூன்று வயதுக்கு மேல், ஆறு வயதுக்குள். அவர்களோடு பழகியதில் கண்டதையும், இது குறித்து ஆராய்ந்தவர்கள் சொன்னதைப் படித்ததில் அறிந்ததையும் சேர்த்து, நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று எண்ணி எழுதுகிறேன்.

நம் தோட்டப் பகுதிகளின் நிலைமை உங்களுக்குத் தெரிந்ததே. கொழுந்து பறிக்கவோ ஏலத்தோட்ட வேலைக்கோ அம்மா காலையிலேயே கிளம்பிவிடுகிறாள். அங்கன்வாடி விட்டு வந்த குழந்தை பாட்டியிடம் இருக்கிறது. பாட்டிக்கு அடுப்பு வேலை. குழந்தை அழுதால் கையில் செல்போன் வந்துவிடுகிறது. அதில் கார்ட்டூன் ஓடுகிறது. "அறிவியல் கார்ட்டூன்தானே பார்க்கிறான், நல்லதுதானே" என்று பெற்றோர் ஆறுதல் அடைகிறார்கள். அது நல்லதா, எந்த அளவுக்கு நல்லது, எப்படிப் பயன்படுத்தினால் நல்லது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கார்ட்டூன் படம் குழந்தையின் மனதில் கேள்வியை எழுப்பும் நல்ல கருவி. விடையோ குழந்தையின் கையில் பிறக்க வேண்டும். படத்தோடு நிறுத்திவிட்டால் குழந்தைக்குக் கிடைப்பது வேடிக்கை மட்டுமே.

இந்த முயற்சி புதிதன்று

திரையின் மூலம் பிள்ளைகளுக்கு அறிவு புகட்டும் முயற்சி நம் நாட்டில் ஐம்பது ஆண்டுப் பழமை உடையது. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளைப் பயன்படுத்தி, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு நம் விண்வெளித் துறை தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை அனுப்பியது. காலை நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே நிகழ்ச்சிகள் இருந்தன. தமிழகமும் கேரளமும் அந்த ஆறில் இல்லை.

பின்னர் 2004-இல் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அதன் வழியாக 2005 ஜூலை 28 அன்று, அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்கள் கேரளத்தின் விக்டர்ஸ் கல்வி அலைவரிசையைத் தொடங்கி வைத்தார். 2020-இல் கொரோனா காலத்தில் அங்கன்வாடிகள் மூடப்பட்டபோது, மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்காக அதே அலைவரிசையில் ஜூலை மாதம் 'கிளிக்கொஞ்சல்' என்ற நிகழ்ச்சி தொடங்கியது. மாநில மகளிர், குழந்தைகள் மேம்பாட்டுத் துறையின் ஏற்பாடு அது. வீட்டுக்குள் அடைபட்ட குழந்தைக்குக் கதையும் பாட்டும் பேச்சும் திரை வழியே வந்தன. பெரியவர் ஒருவர் உடன் அமர்ந்து பார்த்த வீட்டுக்கும், பெட்டியைப் போட்டுவிட்டு வேலைக்குப் போன வீட்டுக்கும் பயன் ஒன்றாக இருக்க முடியுமா? அதை அறிய, சின்னக் குழந்தை திரையை எப்படிப் பார்க்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

குழந்தையின் கண்ணுக்குத் திரை என்பது என்ன?

நாம் திரையைப் பார்ப்பது போலவே குழந்தையும் பார்க்கிறது என்று நினைக்கிறோம். அது சரியல்ல. இதைச் சோதித்த ஆராய்ச்சிகள் சில மிகவும் சுவையானவை.

1998-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பக்கத்து அறையில் ஒரு பொம்மையை ஒளித்து வைப்பதை இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு ஜன்னல் வழியாகக் காட்டினார்கள். குழந்தைகள் ஓடிப்போய்ச் சரியாக எடுத்துவிட்டன. அதே காட்சியைத் தொலைக்காட்சியில் காட்டியபோது பெரும்பாலான முறை அவற்றால் பொம்மையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. திரையில் கண்டது நிஜ அறைக்குப் பொருந்தும் என்பது அந்த வயதில் எளிதாகப் புலப்படுவதில்லை.

1990-இல் வந்த வேறோர் ஆய்வு மூன்று வயதுக் குழந்தைகளைப் பற்றியது. தொலைக்காட்சியில் ஒரு கிண்ணம் நிறையச் சோளப்பொரி தெரிகிறது. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் பொரி கொட்டுமா என்று கேட்டார்கள். கொட்டும் என்றே மூன்று வயதுக் குழந்தைகள் பலர் சொன்னார்கள். நான்கு வயதில் பெரும்பாலோர் தெளிந்துவிடுகிறார்கள். திரையில் இருப்பது பொருள் அன்று, பொருளின் படம் என்ற அறிவே குழந்தைக்கு மெதுவாகத்தான் வருகிறது.

படத்தின் வேகமும் முக்கியம். 2011-இல் நான்கு வயதுக் குழந்தைகள் 60 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வேகமாக ஓடும் கார்ட்டூனை ஒன்பது நிமிடம் பார்த்தது. இன்னொன்று நிதானமான கல்விக் கார்ட்டூனைப் பார்த்தது. மூன்றாவது குழு படம் வரைந்தது. உடனே வைத்த சோதனையில் கவனம், பொறுமை ஆகியவற்றில் முதல் குழு மற்றவற்றைவிடப் பின்தங்கியது. ஒன்பது நிமிடத்துக்கே இந்த விளைவு.

நல்ல செய்தியும் உண்டு. 1996-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'புளூஸ் குளூஸ்' என்ற பாலர் நிகழ்ச்சியில், பாத்திரம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் குழந்தை பதில் சொல்வதற்காகச் சற்று மௌனமாக நிற்கும். ஒரே படத்தைத் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் காட்டினார்கள். நாள் ஆக ஆகக் குழந்தைகள் அதிகம் புரிந்துகொண்டார்கள், திரையை நோக்கி உரக்கப் பதிலும் சொன்னார்கள். ஆகவே "பார்த்ததையே பார்க்கிறானே" என்று கவலைப்படாதீர்கள். பாலர் பருவத்துக்கு அதுதான் படிப்பு.

கார்ட்டூனின் பலம் மூன்று

முதலாவது, காலத்தைச் சுருக்கும். விதை முளைத்து இலை விடுவதைப் பத்து விநாடியில் காட்டும். இரண்டாவது, சிறியதைப் பெரிதாக்கும். எறும்பின் காலையும் இலையின் நரம்பையும் கண் முன்னே விரிக்கும். மூன்றாவது, உள்ளே திறந்து காட்டும். மண்ணுக்குள் வேர் போவதையும், நாம் விழுங்கிய சோறு வயிற்றுக்குப் போவதையும் வேறு எந்த வழியிலும் குழந்தைக்குக் காட்ட இயலாது.

கார்ட்டூன் சொல்லும் பொய்யும் மூன்று

ஒன்று, எடை. மலை உச்சியிலிருந்து கால் வைத்த பூனை அந்தரத்தில் நின்று, கீழே பார்த்து, பயந்து, பிறகுதான் விழுகிறது. நிஜத்தில் கால் தவறிய கணமே விழுவோம். மலைச்சரிவில் வளரும் நம் பிள்ளைகள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

இரண்டு, வானம். கார்ட்டூனில் பகல் என்றால் சூரியன், இரவு என்றால் நிலா. எங்கள் வாசலுக்கு வரும் நான்கு வயதுப் பையன் ஒருவன் கோள்களின் பெயர்களை ஆங்கிலப் பாட்டாக வரிசை தவறாமல் சொல்வான். நிலா பகலில் தெரியுமா என்று கேட்டேன். "தெரியாது தாத்தா, ராத்திரிதான் வரும்" என்றான். உங்கள் வீட்டுத் தினசரிக் காலண்டரைப் பாருங்கள். வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய நாட்களில் பிற்பகல் மூன்று, நான்கு மணிக்குக் கிழக்குப் பக்க வானில் அரை நிலா நிற்கும். தேய்பிறை அஷ்டமியை ஒட்டிக் காலை எட்டு மணிக்கு மேற்குப் பக்க வானில் நிற்கும். மேகம் இல்லாத நாளாகப் பார்த்துக் காட்டினேன். அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது ஏன் இப்ப வந்துச்சு?" என்றான். கோள்களின் பெயரை ஒப்பித்தபோது அவன் எதையும் கேட்டதில்லை. அன்றுதான் கேட்டான்.

மூன்று, விலங்கின் குணம். கார்ட்டூன் யானை சிரிக்கும், பாடும், குழந்தையை முதுகில் ஏற்றிக்கொள்ளும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு யானை கதைப்பொருள் அன்று. அரிசிக்காக ரேஷன் கடையையும் வீடுகளையும் உடைத்துவந்த அரிக்கொம்பனை 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் வனத்துறையினர் மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் கொண்டுபோனதை ஊரே பார்த்தது. இங்கு வளரும் குழந்தை யானையை நேசிக்கவும் வேண்டும், அதனிடமிருந்து விலகி நிற்கவும் வேண்டும். படம் முடிந்ததும் பெரியவர்கள் இதைச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

யானை பற்றி இன்னொரு தவறும் உண்டு. உறிஞ்சுகுழல் போலத் தும்பிக்கையால் யானை தண்ணீர் குடிப்பதாகச் சில படங்கள் காட்டுகின்றன. தும்பிக்கை அதன் மூக்கும் மேலுதடும் சேர்ந்த உறுப்பு. தண்ணீரைத் தும்பிக்கையில் உறிஞ்சி நிறுத்தி, பிறகு வாயில் ஊற்றித்தான் குடிக்கும். குட்டி யானைக்குப் பிறந்த சில மாதங்கள் வரை இந்த வித்தை கைவராது. அது வாயாலேயே நீரைக் குடிக்கும்.

நான்கு எளிய பாடங்கள்

இனி, படத்தை எப்படிச் செயலோடு இணைப்பது என்று பார்ப்போம். ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்து நிமிடப் படம் போதும். பிறகு கால் மணி நேரம் கைவேலை. முறை எல்லாவற்றுக்கும் ஒன்றே: முதலில் குழந்தை ஊகிக்கட்டும், அடுத்துச் செய்து பார்க்கட்டும், கடைசியில் கண்டதைத் தன் வாயால் சொல்லட்டும்.

1. மிதப்பதும் மூழ்குவதும். ஒரு வாளித் தண்ணீர், ஒரு கூழாங்கல், காய்ந்த ஏலக்காய், விறகுத் துண்டு, சிறு ஆணி ஆகியவை போதும். ஒவ்வொன்றையும் போடும் முன் "மிதக்குமா, மூழ்குமா?" என்று கேளுங்கள். பெரியது மூழ்கும், சிறியது மிதக்கும் என்றே குழந்தை முதலில் சொல்லும். விறகு மிதந்து ஆணி மூழ்கும்போது அதன் முகத்தைப் பாருங்கள். அடுத்து, சப்பாத்தி மாவை உருண்டையாக்கிப் போடுங்கள். மூழ்கும். அதே மாவைத் தட்டிக் கிண்ணம் போல வளைத்து மெல்ல வையுங்கள். மிதக்கும். மாவு அதே மாவு, மாறியது வடிவம் மட்டுமே. இரும்புக் கப்பல் மிதக்கும் ரகசியம் இதில் இருக்கிறது. குழந்தையைக் குளிப்பாட்டும் நேரத்திலேயே இந்தப் பாடத்தை நடத்திவிடலாம். ஆனால் தண்ணீர் வாளியோடு குழந்தையை ஒரு நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது.

2. சரிவு. இது என் தொழில் சம்பந்தப்பட்டது. ஒரு பலகையின் ஒரு முனையை ஒரு செங்கல் மீது வையுங்கள். நூல் உருளையையும் தீப்பெட்டியையும் மேல் முனையில் வைத்து விடுங்கள். உருளை ஓடும், தீப்பெட்டி நிற்கும். செங்கற்களைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் தீப்பெட்டியும் சறுக்கும். உருள்வதற்குத் தடை குறைவு, சறுக்குவதற்குத் தடை அதிகம் என்பது பாடம்.

எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரம் மிக இலகுவாக உருளும். அதனால் ஸ்டேஷன் யார்டில் 400 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் சரிவு இருக்கக் கூடாது என்பது ரயில்வே விதி. இல்லாவிட்டால் நிறுத்திய பெட்டி தானே ஓடிவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் நீலகிரி மலை ரயில் பாதையிலோ ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி ஏற்றம். வெறும் சக்கரம் அங்கே வழுக்கிவிடும் என்பதால் நடுவில் பல் தண்டவாளம் போட்டு, இஞ்சினின் பல் சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. நம் மூணாற்றுப் பக்கமும் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் இழுத்த வண்டியாகத் தொடங்கி, 1908-இல் குறுகிய பாதை ரயிலாக மாறிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் அது. 1924 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போயிற்று. தேயிலை, டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கயிற்றுப் பாதையில் போடிப் பக்கம் இறங்கியது. இதைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லுங்கள். பலகையும் நூல் உருளையும் அப்போது ரயிலாகவே மாறிவிடும்.

3. நிழல். வாசலில் ஒரு குச்சியை நடுங்கள். காலை எட்டு மணி, நண்பகல், மாலை நான்கு மணி ஆகிய மூன்று வேளையும் நிழலின் நுனியில் ஒரு கல்லை வைக்கச் சொல்லுங்கள். நிழல் நீண்டு, குறுகி, மறுபக்கம் நீள்வதைக் குழந்தை தானே காணும். நம் ஊரில் பல நாள் மூடுபனி இருக்கும். அன்று நிழல் எங்கே போயிற்று என்று கேளுங்கள். இருட்டியதும் டார்ச் விளக்கின் முன் கையைக் காட்டி, விளக்கின் அருகே கொண்டுபோனால் நிழல் பெரிதாவதைப் பார்க்கட்டும்.

4. விதை. ஒரு கண்ணாடித் தம்ளரில் ஈரப் பஞ்சு வைத்து, கண்ணாடிக்கும் பஞ்சுக்கும் நடுவில் தட்டைப் பயறு நான்கைச் செருகுங்கள். படத்தில் பத்து விநாடியில் முளைத்தது, இங்கே பல நாள் எடுக்கும். அந்தக் காத்திருப்பே பாடம். தினமும் காலண்டர் தாளின் பின்புறம் குழந்தை அதைப் படமாக வரையட்டும். இன்னொரு தம்ளரில் அதே போலச் செய்து சமையலறையில் சற்று வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், குளிரில் இருப்பதைவிட அது முந்திக்கொள்ளும். வேர் கீழே இறங்கியதும் தம்ளரைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். ஓரிரு நாளில் வேர் வளைந்து மறுபடி கீழ் நோக்கிப் போகும். கீழ் எது என்று வேருக்கு யார் சொன்னார்கள்? குழந்தை இதைக் கேட்காமல் இருக்காது.

எந்த மொழியில்?

நம் குழந்தைகளுக்கு வீட்டில் தமிழ், அங்கன்வாடியில் பெரும்பாலும் மலையாளம், செல்போனில் ஆங்கிலம். மூன்றுக்கும் நடுவில் பிள்ளை குழம்பிவிடும் என்று சிலர் வீட்டுத் தமிழையே கைவிடுகிறார்கள். அது தேவையில்லை. வேர், இலை, நிழல், மழை, கல், மூக்கு என்று குழந்தை தொட்டுப் பழகும் சொற்களில் பல இரு மொழிக்கும் பொதுவானவை அல்லது மிக நெருக்கமானவை. வேறுபடுகிற இடங்களை விளையாட்டாக்கிவிடலாம். மலையாளத்தில் 'வெள்ளம்' என்றால் குடிக்கும் தண்ணீர், நமக்கோ ஆற்றில் பெருகி வருவது. என் பேத்தி வாளியைக் காட்டி, "டீச்சருக்கு இது வெள்ளம், உங்களுக்குத் தண்ணி" என்று எனக்கே பாடம் நடத்துகிறாள்.

படம் எந்த மொழியில் ஓடினாலும் பரவாயில்லை. ஒலியைக் குறைத்து வைத்து, நடப்பதை நீங்கள் தமிழில் சொல்லுங்கள். ஏன், எப்படி என்று குழந்தை கேட்பது தாய்மொழியில் இருக்கட்டும். "ஏன்" என்று கேட்கும் மொழி வீட்டில் இருந்தால், மற்ற மொழிகளில் பெயர்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும்.

வீட்டுக்குச் சில விதிகள்

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைக்குத் திரை நேரம் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது. குறைந்தால் இன்னும் நல்லது. இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம். நம் நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2021-இல் ஏறத்தாழ இதையே வலியுறுத்தியது.

படத்தை நீங்கள் முன்னதாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, செல்போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் வசதியை நிறுத்திவிடுங்கள். நிதானமாக ஓடும் படமாக இருக்கட்டும். நடுவில் இரண்டு, மூன்று இடத்தில் நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும்?" என்று கேளுங்கள். சாப்பாட்டு நேரத்திலும் தூங்கும் நேரத்திலும் வேண்டாம்.

படம் என்பது மனிதர் வரைந்தது என்றும் குழந்தைக்குக் காட்டிவிடுங்கள். ஒரு வட்ட அட்டையின் முன்புறம் கூண்டும் பின்புறம் கிளியும் வரைந்து, இரு ஓரமும் நூல் கட்டி வேகமாகச் சுழற்றினால் கிளி கூண்டுக்குள் இருப்பது போலத் தோன்றும். சினிமாவில் விநாடிக்கு 24 படம் ஓடுவதும் இதே போல நம் கண்ணை ஏமாற்றும் வித்தைதான். இதைத் தன் கையால் சுழற்றிய பிள்ளைக்குத் திரையிடம் மயக்கம் குறைந்துவிடுகிறது.

"வேலை முடிந்து வருவதே ஐந்து மணி, இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று தாய்மார்கள் கேட்பது நியாயமே. வீட்டில் பாட்டி, தாத்தா இருந்தால் அவர்களிடம் ஒப்படையுங்கள். மூன்றாம், நான்காம் வகுப்புப் படிக்கும் அக்காளோ அண்ணனோ இருந்தால் அவர்களை ஆசிரியராக்குங்கள், அவர்களுக்கும் படிப்பு ஏறும். வாரத்துக்கு ஒரு பாடம் போதும். ஒரே படம், ஒரே வாளி, ஒரே கேள்வி என்று ஏழு நாளும் நடந்தாலும் குழந்தை சலிக்காது.

இவற்றில் ஏதேனும் ஒன்றை இந்த ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள். உங்கள் குழந்தை கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். விடை தெரியாத கேள்வி வந்தால் "வா, பார்க்கலாம்" என்று எழுந்து போங்கள். அந்த இரண்டு சொல்லுக்கு மேல் பாலர் வகுப்பு அறிவியலுக்குப் பெரிய உபகரணம் எதுவும் வேண்டியதில்லை.